ஓட்டைக்கண்ணர் பார்த்த படம்

எங்கள் ஸ்கேன் சென்டருக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்கிற கேள்வி, "தண்ணி குடிச்சீங்களா?" என்பதுதான். பெயரைக்கூட அப்புறம்தான் கேட்போம். மாசம் குறைவாக இருக்கிற பெண்களுக்கு மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் படம் தெளிவாக விழும். அதனால் காலை நேரத்தில் வந்து பார்த்தால், பெஞ்சு நிறையப் பெண்கள் முழங்காலை ஒட்டவைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரிக்கவும் பயந்து உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் கொடுப்பது, வரிசைப்படி உள்ளே கூப்பிடுவது, படுக்கவைப்பது, படம் எடுத்து முடிந்ததும் வயிற்றில் தடவிய ஜெல்லைத் துடைத்துவிடுவது எல்லாம் என் வேலை. படத்தைப் பார்த்துச் சொல்வது டாக்டரம்மாவின் வேலை.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ வயிறு துடைத்துவிட்டேன். முதல் தடவை வரும்போது திரையில் ஒரு பயறு கிடக்கிற மாதிரி இருக்கும், அதன் நடுவில் ஒரு துடிப்பு மட்டும் தெரியும். அடுத்த தடவை தலை உருண்டிருக்கும், கை கால் மொட்டு விட்டிருக்கும். அதற்கடுத்த தடவை முதுகெலும்பு வெள்ளை வெள்ளையாக வரிசை கட்டி நிற்கும், விரல் மடங்கும், குழந்தை கொட்டாவி விடும். உலகத்துக்கு வராமலே என்ன அலுப்போ அதற்கு. பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது என்று சொன்னால் பொய். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று ஆன பிறகும் சலிக்கவில்லை.

எனக்கு வீட்டில் யாரும் கிடையாது. கல்யாணம் என்று ஒன்று நடந்தது. அவர் வேலை தேடி வெளியூர் போனார், போனவர் போனவர்தான். நான் குடியிருப்பது ஒரே மாதிரி கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. சுவர் என்று அதைச் சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்து வீட்டில் நூறாயுசு என்பார்கள். பக்கத்து வீட்டுச் சத்தம்தான் எனக்கு ரேடியோ.

அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அவள் வீட்டிலேயே மெஷின் வைத்துப் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பொத்தான் துளை போட்டுக் கொடுப்பாள். அவர் குழாய்ப் பட்டறையில் எக்ஸ்ரே எடுப்பவர். அவள் ஓட்டை போடுகிறவள், அவர் ஓட்டை கண்டுபிடிக்கிறவர், நல்ல ஜோடிதான் என்று நான் அவளைக் கேலி செய்வேன்.

மனுஷனுக்கு எடுக்கிற எக்ஸ்ரே இல்லை அது. இரும்புக்கு எடுப்பது. பெரிய பெரிய குழாய்களை வெல்டர்கள் ஒட்டிவைப்பார்கள். ஒட்டின இடம் வெளியே வழவழவென்று இருக்கும். உள்ளே காற்று அடைபட்டு ஓட்டை விழுந்திருந்தால் என்றைக்காவது அந்த இடத்தில் குழாய் வெடிக்கும். அதனால் ஒட்டுக்குப் பின்னால் ஃபிலிமைக் கட்டி, முன்னால் எக்ஸ்ரே பெட்டியை நிறுத்தி, சுற்றிலும் கயிறு கட்டிச் சங்கு ஊதுவார்கள். சங்கு ஊதினால் பட்டறையில் இருக்கிற அத்தனை பேரும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் தூரப் போய்விட வேண்டும். தடுப்புச் சுவருக்குப் பின்னால் இவர் மட்டும் நிற்பார். அப்புறம் இருட்டு அறைக்குள் போய் ஒரு சிவப்பு பல்பு வெளிச்சத்தில் ஃபிலிமைக் கழுவி எடுத்து, காயவைத்து, விளக்குப் பெட்டி மேல் வைத்து, பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடிவில்லையால் பார்ப்பார். இரும்பு இருக்கிற இடம் வெளுப்பாக இருக்கும். ஒன்றுமில்லாத இடத்தில் கதிர் தடையில்லாமல் பாய்ந்து ஃபிலிமைக் கருக்கியிருக்கும். கருப்பு தெரிந்தால் ஓட்டை. அவ்வளவுதான் அந்தத் தொழில்.

அவர் மெழுகுப் பென்சிலால் ஃபிலிமில் ஒரு வட்டம் போட்டுவிட்டால், வெல்டர் அந்த ஒட்டைக் குடைந்து எடுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஒட்ட வேண்டும். அதனால் வெல்டர்களுக்கு அவர் வேப்பங்காய். ஓட்டைக்கண்ணர் என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். பெயர் பட்டறையிலிருந்து நடந்து எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டது. சரக்கு சீக்கிரம் போக வேண்டுமென்றால் பட்டறை எஞ்சினியர் ஃபிலிமைப் பார்க்காமலே "எல்லாம் சரியா இருக்கு, விடுங்க" என்பாராம். இவர் விடமாட்டார். வாய் பொய் சொல்லும், ஃபிலிம் பொய் சொல்லாது என்பார்.

வீட்டிலும் அந்தக் கண் சும்மா இருக்காது. சோற்றில் கல் இருந்தால் முதல் கவளத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் மனுஷன் கலகலப்பானவர். சாயங்காலம் வந்து டீ குடித்துவிட்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு எந்த வெல்டர் என்ன சாபம் விட்டான் என்று அவன் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். அவள் சிரிக்கிற சிரிப்பில் மெஷின் நின்றுவிடும். இந்தப் பக்கம் நானும் சிரித்துக்கொள்வேன்.

அவளுக்கு முதலில் உண்டானது தங்கவில்லை. மூன்றாம் மாசத்தில் போய்விட்டது. இரண்டாவது உண்டானபோது முட்டை சாப்பிடச் சொன்னார் டாக்டரம்மா. தன் கையால் வேகவைத்தால் குமட்டுகிறது, அடுத்தவர் கையால் வேகவைத்தால் இறங்குகிறது என்றாள். அதனால் தினம் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்ததும் இரண்டு முட்டை வேகவைத்து, உரித்து, உப்பும் மிளகும் தூவிவிட்டு, கரண்டியால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு வந்தால், வருகிறேன் என்று அர்த்தம். ஆளுக்கு ஒன்றாகத் தின்றுகொண்டே ஊர்க்கதை பேசுவோம். எனக்கு அந்த முட்டைதான் அன்றைய நாளின் விசேஷம்.

நாலு மாசம் தாண்டி, உறுப்புகள் எல்லாம் சரியாக வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கேனுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். அவர் அரைநாள் லீவு போட்டு, சட்டையை இஸ்திரி பண்ணிக்கொண்டு, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்திருந்தார். அன்றைக்குப் பார்த்து வெளியே கூட்டம் நெரிந்தது. டாக்டரம்மா பேச்சில்லாமல் அளந்துகொண்டே போனார். தலை, முதுகு, தொடையெலும்பு, இதயம். திரை எங்கள் பக்கமும் திரும்பியிருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நிற்க, கால் உதைப்பதைப் பார்த்துச் சிரித்தாள். நான் வழக்கம்போல விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வேறெதையோ பார்த்தார். ஸ்டூலின் நுனிக்கு வந்து, கண்ணைச் சுருக்கி, குழந்தையின் வயிற்றுப் பக்கம் விரலை நீட்டினார். வாய் திறந்தது. அதற்குள் டாக்டரம்மா கருவியை எடுத்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கை துடைத்துக்கொண்டார். நீட்டின விரல் அப்படியே மடங்கிவிட்டது. படம் அச்சடித்த பளபளப்புத் தாளை அவர்தான் வாங்கிக்கொண்டார். அவளுக்கு எழுந்து உட்காரக் கை கொடுத்தது நான்.

அன்றிலிருந்து பக்கத்து வீட்டு ரேடியோ நின்றுபோனது.

மெஷின் ஓடும். தட்டு வைக்கிற சத்தம் கேட்கும். அவர் குரல் கேட்காது. முதலில் உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். அப்புறம் ஒருநாள் கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது. அவர் தன் கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார் என்று மறுநாள் அவள் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். தூக்கம் கெடக்கூடாது என்றாராம். பட்டறையிலேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார், தன் துணியைத் தனி வாளியில் தானே துவைத்துக்கொள்கிறார், அவள் துவைக்க எடுத்தால் பிடுங்கிக்கொள்கிறார் என்றாள்.

வீட்டுக்கு வெளியே குளித்துவிட்டு வருகிற ஆம்பிளையைப் பற்றி என் புத்தி எங்கே போகும்? எங்கே போகுமோ அங்கேதான் போனது. சொல்லவில்லை, நினைத்தேன். பட்ட அனுபவம் அப்படி.

மழைக்காலம் வந்துவிட்டது. தெருவில் தண்ணீர் வடிய வழியில்லாமல் நின்றது. துளை போட வந்த சட்டைகளில் ஈரவாடை அடித்தது. பகல் முழுக்க அவள் அந்த மெஷினோடு தனியாக இருந்தாள். குழந்தை உள்ளே நன்றாக அசைய ஆரம்பித்திருந்தது. பெண்களுக்கு அந்த நேரத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கும். அவள் என்னிடம் சொன்னாள். நான் கையை வைத்துப் பார்த்தேன். என் உள்ளங்கையில் ஒரு முட்டு முட்டிவிட்டு நகர்ந்தது. அன்றைக்கு வீட்டுக்குள் வந்து ரொம்ப நேரம் அந்தக் கையால் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

"நேத்து அவர் கையைப் பிடிச்சு வயித்துல வெச்சேன் அக்கா" என்றாள் ஒருநாள். "அசையுது பாருங்கன்னு. சுடுசட்டியில பட்ட மாதிரி இழுத்துக்கிட்டாரு."

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

"சண்டை போட்டாக்கூடப் பரவாயில்ல. திட்டினா நானும் திட்டுவேன். ஒண்ணுமே சொல்லாம, தட்டைப் பாத்துச் சாப்பிட்டுட்டு எழுந்து போற மனுஷன்கிட்ட என்னன்னு கேக்கறது? முதல் தடவை போனப்போ என்னைவிட அவர்தான் அழுதாரு. இப்போ இது வேணாம்னு தோணிடுச்சு போல. என் முகத்தப் பாக்கறதுக்குக்கூட ஆகல அவருக்கு."

அவளுடைய மூத்த அக்கா பஸ்ஸில் அரை நாள் போகிற தூரத்தில் இருந்தாள். பிரசவம் வரைக்கும் அங்கே போய் இரு, அதுதான் நல்லது என்று அவரே சொல்ல ஆரம்பித்தாராம். ஒருதரம் சொன்னால் அக்கறை, தினம் சொன்னால் வேறு. கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை என்றாள். கடைசியில் அவளே முடிவு செய்துவிட்டாள். அடுத்த ஸ்கேன் அன்றைக்குப் பையோடு வருவது, படம் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறுவது. பிரசவத்துக்குப் பிறகு என்று நான் இழுத்தேன். "பிறகும் அங்கதான்" என்றாள். முட்டையை அன்றைக்கு அவள் பாதிதான் தின்றாள்.

ஸ்கேனுக்கு முதல் நாள் எனக்கு விடுமுறை. மழை கொட்டியதால் பட்டறையிலும் வேலையில்லை. அவள் துளை போட்ட சட்டைகளைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரப் போயிருந்தாள். மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தால் ஓட்டைக்கண்ணர் நிற்கிறார். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. கையில் அந்தப் பளபளப்புத் தாள், இன்னொரு கையில் பட்டறைக் கண்ணாடிவில்லை. உள்ளே வரச் சொன்னேன். ஜன்னலோரம் போய், ஃபிலிமைப் பிடிக்கிற பழக்கத்தில் தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். தாள் என்ன ஃபிலிமா, வெளிச்சம் ஊடுருவ? இறக்கி, மேஜைமேல் வைத்து, வில்லையை என்னிடம் நீட்டினார்.

"அக்கா, நீங்க தினம் பாக்கறீங்க. இந்தக் கருப்பு எல்லாக் குழந்தைக்கும் இருக்குமா?"

குழந்தையின் வயிற்றில் உளுந்து அளவுக்கு ஒரு கருப்பு. அதற்குக் கீழே இன்னொன்று. நெஞ்சிலும் சின்னச் சின்னதாக. பார்த்த எனக்கும் பக்கென்றது. நான் இத்தனை வருஷம் பார்த்ததெல்லாம் விரலும் முகமும் கொட்டாவியும். வெளுத்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். கருப்பை யார் கண்டார்கள்? இருக்கும் என்று சொல்ல நாக்கு வந்தது, தெரியாததை எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியாது தம்பி, டாக்டரம்மாவைக் கேளுங்கள் என்றேன்.

"கேட்டா என்ன சொல்லுவாங்க? அன்னிக்குச் சொன்னதத்தான் சொல்லுவாங்க. எல்லாம் சரியா இருக்குன்னு. பட்டறையில தினம் கேக்கற பேச்சு அக்கா அது. ஓட்டை இருக்கற ஒட்டுக்குத்தான் அதைச் சொல்லுவாங்க."

அப்புறம் கொட்டினார். அந்த மனுஷன் அத்தனை நாள் பேசாத பேச்செல்லாம் என் சமையலறையில் வந்து விழுந்தது. தன் வேலைதான் குழந்தையை ஓட்டையாக்கிவிட்டது என்று நம்பிவிட்டார். முதல் குழந்தை போனதும் தன்னால்தான். அவர் சட்டைப் பையில் சின்னப் பட்டை ஒன்று குத்தியிருக்கும். கதிர் எவ்வளவு பட்டது என்று மாசாமாசம் அதை அனுப்பிப் பார்ப்பார்கள், ஒரு தடவைகூட அளவு மீறியதில்லை. அதையும் அவரே சொன்னார், சொல்லிவிட்டு அதையும் நம்பமாட்டேன் என்றார். கதிர் தன் தோலில், துணியில், மூச்சில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. அதனால்தான் பட்டறையில் குளியல், அதனால்தான் தனி வாளி, அதனால்தான் முன்னறைக் கட்டில். அவளை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மிச்ச மாசமாவது குழந்தை தன்னிடமிருந்து தப்பும்.

"அவகிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"எப்படி அக்கா சொல்றது? இரும்புல ஓட்டைன்னா குடைஞ்சு எடுத்துட்டு மறுபடி ஒட்டச் சொல்லலாம். இதுக்கு என்ன சொல்றது? ஒருதரம் போனதுக்கே அவ எழுந்து நடமாட எத்தனை நாளாச்சு. அவ சிரிச்சுக்கிட்டே இருந்தா அன்னிக்கு. காலு உதைக்குது பாருங்கன்னு. எனக்குக் காலே தெரியல."

எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பக்கம் ஒருத்தி புருஷனுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று வெந்துகொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் ஒருத்தர் தன்னால் அவள் வெந்துவிடக் கூடாது என்று ஒதுங்கி நிற்கிறார். நடுவில் நான், இரண்டு பக்கத்துக் கதையையும் வயிற்றில் கட்டிக்கொண்டு. அவள் நாளைக்குப் பையோடு வருகிறாள், வந்தால் திரும்பமாட்டாள் என்றேன். தெரியும் என்று தலையாட்டினார். அதுதான் நல்லது என்று அதற்கும் சொன்னார்.

"நாளைக்கு நீங்க ஸ்கேனுக்கு வர்றீங்க" என்றேன். "வந்து அந்த விரலை மறுபடி நீட்டறீங்க. வரலேன்னா நானே அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன். என் வாயைப் பத்தித் தெருவுக்கே தெரியும்."

மறுநாள் அவள் முன்னாடியே வந்துவிட்டாள். பையைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். மழை விட்டிருந்தது, வருகிறவர்கள் செருப்பிலிருந்து சேறு தரையெல்லாம் ஆனது. நான் துடைத்துக்கொண்டே வாசலைப் பார்த்தேன். அவள் முறை வரும்வரை அவர் வரவில்லை. டாக்டரம்மாவிடம் நானே கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை உள்ளே போனேன். இரண்டு தடவையும் யாரோ ஒரு பெண் அரை உடையில் படுத்திருந்தாள். அங்கே நின்று இன்னொரு பெண்ணின் குழந்தைக்கு ஓட்டையா என்று எப்படிக் கேட்பது?

அவளைப் படுக்கவைத்து ஜெல் தடவும்போது கதவு அரைவாசி திறந்தது.

"யாருங்க அது கதவோரம் நிக்கறது? உள்ள வாங்க, இல்லேன்னா வெளிய நில்லுங்க" என்றார் டாக்டரம்மா.

உள்ளே வந்தார். இஸ்திரி பண்ணாத சட்டை. ஸ்டூலில் உட்காரவில்லை, சுவரோடு ஒட்டி, அவளிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்றார். அவள் ஒருதரம் பார்த்துவிட்டு முகத்தைத் திரைக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்டரம்மா கருவியை வைத்தார். குழந்தை வந்தது. முன்பு முழு உடம்பும் திரையில் அடங்கியது, இப்போது வளர்ந்துவிட்டதால் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. முகம், அப்புறம் நெஞ்சு, அப்புறம் வயிறு. வயிற்றில் அந்தக் கருப்பு இருந்தது. முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

நான் அவரைப் பார்த்து இருமினேன். அவர் விரல் எழுந்தது.

"அது..." என்றார். கனைத்துக்கொண்டு மறுபடி, "அந்த ஓட்டை பெரிசாயிடுச்சு டாக்டர்."

டாக்டரம்மாவின் கை நின்றது. எந்த ஓட்டை என்று கேட்டார். அவர் சுவரைவிட்டு வந்து, திரையைத் தொடாமல், காற்றிலேயே வட்டம் போட்டுக் காட்டினார். இங்கே ஒன்று, கீழே ஒன்று, நெஞ்சில் நாலு. நான் இரும்புக்கு எக்ஸ்ரே எடுக்கிறவன், எனக்கு ஓட்டை தெரியும், மறைக்காமல் சொல்லுங்கள் என்றார். படுத்திருந்தவள் முகம் இந்தப் பக்கம் திரும்பியது.

டாக்டரம்மாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது என்று நினைக்கிறேன். வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். ஓட்டைக்கண்ணர் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"இது எக்ஸ்ரே இல்லங்க. இது சத்தம். நம்ம காதுக்குக் கேக்காத சத்தத்த உள்ள அனுப்பறோம். எலும்புல பட்டா நல்லாத் திரும்பி வரும், வெள்ளையாத் தெரியும். தண்ணிக்குள்ள போனா திரும்பறதில்ல. திரும்பாத இடமெல்லாம் கருப்பு. உங்களுக்குக் கருப்புன்னா ஒண்ணுமில்ல. இங்க கருப்புன்னா தண்ணி. இது குழந்தையோட இரைப்பை. தான் மிதக்கற தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமா முழுங்கிப் பழகுது. முழுங்கினது இங்க நிக்குது. நெஞ்சுல இருக்கற நாலும் இதயத்தோட நாலு அறை, அதுல ரத்தம் ஓடுது."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பின மாதிரி தெரியவில்லை.

"இந்தக் கருப்பு தெரியலேன்னாதான் நான் பயப்படணும்" என்றார் டாக்டரம்மா. "முழுங்கத் தெரியலையோன்னு."

கீழே இருப்பது என்ன என்று அவர் மெதுவாகக் கேட்டார். அது மூத்திரப்பை என்றார் டாக்டரம்மா. சரி, இருங்கள் என்று சொல்லிவிட்டு வேறு அளவுகளை எடுத்தார். தலையை அளந்தார், தொடையெலும்பை அளந்தார், குழந்தையைச் சுற்றித் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்தார். நடுவில், தன் சட்டையில் ஒட்டி வருகிற கதிர் குழந்தையைக் கெடுக்காதா என்று இவர் கேட்டார். பட்டறையில் சுவிட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும் இல்லையா, அப்புறம் சட்டையில் என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று டாக்டரம்மா திருப்பிக் கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். புதிதாக வருகிற வெல்டர்கள் பயந்தால் அவர்களுக்கு அதையே சொல்லித் தைரியம் கொடுக்கிறவர் இவர்தானாம். ஊருக்குத்தான் உபதேசம். முதலில் போன குழந்தையைப் பற்றியும் இவர் கேட்டார். அது ஏன் போனது என்று யாருக்கும் தெரியாது, தெரியாததை உங்கள் தலையில் நீங்களே ஏற்றிக்கொள்ளாதீர்கள் என்றார் டாக்டரம்மா. பிறகு கருவியை மறுபடி கீழே கொண்டுவந்தார். இரைப்பை இருந்தது. அதற்குக் கீழே இருந்த கருப்பைக் காணவில்லை. கசங்கின ஒரு கோடு மட்டும் இருந்தது.

"ஒண்ணுக்குப் போயிடுச்சு" என்றார் டாக்டரம்மா. "பாத்தீங்களா, உங்க ஓட்டை தானா அடைஞ்சிடுச்சு. இனி மறுபடி நெறையும்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. டாக்டரம்மா திரையைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஜெல் துடைக்கிற துணியை எடுத்தேன், எதற்கென்று தெரியாமல் அவரிடம் நீட்டினேன்.

படுத்திருந்தவள் அழவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். துடைத்துவிட்டேன், எழுந்து உட்கார்ந்தாள், புடவையைச் சரிசெய்தாள். அப்புறம்தான் பேசினாள்.

"இதுக்குத்தானா?"

இறங்கி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நெசமாவே ஓட்டை இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? குடைஞ்சு எடுத்துட்டு வேற ஒட்டச் சொல்லியிருப்பீங்களா?"

"உன்கிட்டச் சொல்ல வாய் வரல" என்றார் கைக்குள்ளிருந்தே.

"எனக்கும் சேத்து நீங்க ஒருத்தரே பயந்துட்டீங்க. நான் அங்க உள்ளறையில, சுவத்தப் பாத்துக்கிட்டு, என்ன தப்புப் பண்ணினேன்னு ஒண்ணொண்ணா யோசிச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஓட்டை அங்க இல்ல."

படத் தாளை அவளே வாங்கிக்கொண்டு வெளியே போனாள். பெஞ்சுக்கு அடியிலிருந்து பையை இழுக்கிற சத்தம் கேட்டது. அவர் எழுந்து பின்னால் ஓடினார். எங்கள் வாசலில் இறங்கி இடது பக்கம் போனால் பஸ் ஸ்டாண்டு, வலது பக்கம் போனால் எங்கள் தெரு. எட்டிப் பார்க்கலாம் என்று நான் கதவுக்குப் போவதற்குள் அடுத்த பெண் உள்ளே வந்துவிட்டாள். அப்புறம் அதற்கடுத்தவள். அன்றைக்குப் பார்த்து என் கையில் யாருக்கும் ஜெல் சரியாகத் துடைபடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவர் வேலைக்குப் போனாலும் சாத்தியிருக்கும், அவள் ஊருக்குப் போனாலும் சாத்தியிருக்கும். மெஷின் சத்தம் இல்லை. அடுப்பைப் பற்றவைத்தேன். கை தானாகவே இரண்டு முட்டையைத் தண்ணீரில் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் நினைத்தேன், இனிமேல் ஒன்று போதுமோ என்னவோ என்று. வெந்தது, உரித்தேன், உப்பும் மிளகும் தூவினேன். கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் நின்றேன். தட்டிப் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. அந்த வீட்டில் யாரும் இல்லையென்றால் இந்தச் சுவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

அப்போது அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது.

"இந்தாங்க, படம். பாத்து என்ன தெரியுதுன்னு சொல்லுங்க. ஓட்டையத் தவிர."

நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். முதுகெலும்பு சரியாக இருக்கிறது என்று அவர் ஆரம்பித்தார். அது டாக்டரம்மா சொன்னது, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். வெளியே கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. சொல்லத் தெரியாமல் போய்விடுவாரோ, இத்தனை வருஷம் குறை மட்டுமே பார்த்த கண்ணாயிற்றே என்று எனக்கு அடித்துக்கொண்டது.

"தூங்குது" என்றார் கடைசியில். "கையைக் கன்னத்துக்கு அண்டை குடுத்துக்கிட்டு. நீ தூங்கற மாதிரியே."

அவள் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அழுதாளா, சிரித்தாளா என்றும் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கட்டில் கால் தரையில் தேய்கிற சத்தம் முன்னறையிலிருந்து கிளம்பி, வாசற்படியில் ஒருதரம் முட்டி நின்று, உள்ளறைக்குப் போனது.

நான் அன்றைக்குச் சுவரில் தட்டவில்லை. கரண்டியை அதன் இடத்தில் மாட்டிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, இரண்டு முட்டையையும் நானே தின்றேன்.